காட்டுக்கோழி கேட்டு வாங்கிய சட்டம்

"கடித்தவன் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான்! கடிபட்டவள்தான் இன்னும் நொண்டிக்கொண்டு திரிகிறாள்!"

காட்டுக்கோழி இதையே காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. கேட்டவர்களுக்குக் காது வலித்ததே தவிர, அதற்கு வாய் வலிக்கவில்லை.

ஒரு காட்டில் நடந்த சண்டை இது, பிள்ளைகளே. கழுதைப்புலி ஒரு முயலின் காலைக் கடித்துவிட்டது. நீதிபதி யானை அதைக் குகையில் அடைத்தது. ஆனால் அந்தக் காட்டில், இரண்டு பேர் ஈரமண்ணில் பாதம் பதித்தால் ஜாமீன். இரண்டு கழுகுகள் வந்து பதித்தன. கழுதைப்புலி சோம்பல் முறித்தபடி வெளியே வந்தது.

கோழி பதறியதிலும் நியாயம் உண்டு. புதரடியில் அதன் முட்டைகள் இருந்தன. கழுதைப்புலி தண்ணீருக்குப் போகும் வழியே அதுதான்.

"இரத்தம் வரவைத்தால் ஜாமீனே கிடையாது! இதற்கு ஓட்டுப் போடுங்கள்!" என்றது கோழி.

ஆமை மெதுவாகத் தலையை நீட்டியது. "அக்கா, ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமே. யார், எதற்காகக் கடித்தார்கள் என்று யானையார் முதலில் கேட்கட்டும். ஆபத்தான ஆள் என்றால் உள்ளேயே வைக்கட்டும்."

"நல்லாச் சொன்னாய் போ! அவர் கேட்டு முடிப்பதற்குள் என் முட்டை பொரிந்து, குஞ்சுக்குக் கல்யாணமே ஆகிவிடும்!"

"அக்கா சொன்னால் சரிதான்," என்றது நரி. "இரத்தமா? உள்ளே போ. கேள்வி எதற்கு?"

கோழிக்கு இறகெல்லாம் பூரித்துவிட்டது. 'இந்த ஒருவனுக்காவது புத்தி இருக்கிறதே!' என்று நினைத்தது.

ஆமாம் என்பவர்கள் இலந்தைக் கொட்டையும், இல்லை என்பவர்கள் புளியங்கொட்டையும் போட்டார்கள். இலந்தை குவிந்தது. கழுதைப்புலி மறுபடி குகைக்குள் போனது.

மறுநாள் நரி புதரடிக்கு வந்தது. "அக்கா, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே மூக்கைக் கூட்டுக்குள் விட்டது.

கோழி விட்டது ஒரு கொத்து!

நரியின் மூக்கில் ஒரு சொட்டு இரத்தம். அது அதை நக்கவில்லை, துடைக்கவில்லை. சிந்தாமல் சிதறாமல் யானையிடம் கொண்டுபோய்க் காட்டியது.

"இவன் முட்டை திருட வந்தான் ஐயா!" என்று அலறியது கோழி.

"இருக்கலாம். அதை விசாரணையில் சொல். விசாரணை பௌர்ணமிக்கு."

"அதுவரை?"

"குகை."

"சட்டம் கொண்டுவந்ததே நான்தானே!"

"அதனால்தான் உனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை," என்றது யானை.

ஆமையும், நொண்டிக்கொண்டே முயலும் பாதத்தில் சேற்றைப் பூசிக்கொண்டு வந்தன. "போய்க் கழுவுங்கள். ஜாமீன் கிடையாது," என்று அனுப்பிவிட்டது யானை.

குகைக்குள் கழுதைப்புலி ஒதுங்கி இடம் கொடுத்தது. "வாங்க அக்கா! உங்களால்தான் இங்கே இருக்கிறேன்."

கோழி அதைக் காதில் வாங்காமல் வாசலுக்குப் பாய்ந்தது. நரி புதர்ப்பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தது. நடையில் அவசரமே இல்லை.

வெளியே நின்ற மிருகங்கள் அதைப் பார்த்தன. தடுக்கப் போய், நரி மேல் ஒரு கீறல் விழுந்துவிட்டால்? எல்லாம் தங்கள் தங்கள் நகங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டன.

"ஐயோ, யாராவது போய் என் முட்டைகளுக்குக் காவல் நில்லுங்களேன்!" என்று கத்தியது கோழி.



நீதி: கோபத்தில் கதவைச் சாத்துகிறவர்கள், உள்ளே போவது யார் என்று கேட்டுவிட்டுச் சாத்த வேண்டும்.