கொலுமண்டபத்தில் நாற்பத்திரண்டு வாசல்

மாமலைக்கோட்டை மன்னர் மகுடபூபதிக்குத் திடீரென்று புதுசு எதுவுமே பிடிக்காமல் போய்விட்டது. அதற்குக் காரணம் வித்யாரங்கன் என்ற அலங்காரக்காரன். பன்னிரண்டு அரண்மனைகளை அழகுபடுத்தியவன் என்று அவனே சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தான். உண்மையா என்று பார்த்துவரப் பன்னிரண்டு ஊருக்கு யார் போவது?

"அரசே, இது அரண்மனையா, பாத்திரக்கடையா? எல்லாம் பளபளவென்று இருக்கிறது. மனிதர் வாழ்ந்த களையே இல்லையே!" என்றான்.

மன்னரின் முகம் சுருங்கிவிட்டது. அன்று ஆரம்பித்தது கூத்து. புத்தம்புதுக் குத்துவிளக்குகளை எருக்குழியில் புதைத்துக் கறுக்க வைத்தார்கள். வெள்ளைச் சுவருக்குப் பழுப்பு வண்ணம் பூசி, அதன்மேல் விறகுப் புகை காட்டினார்கள். யாரோ தூக்கிப்போட்ட நொண்டிக் கட்டில் ஒன்று மன்னரின் படுக்கையறைக்கு வந்தது. அதில் குடியிருந்த மூட்டைப்பூச்சிகளும் கூடவே வந்தன. மன்னர் சபையில் முதுகைச் சொறிந்தபடியே, "ஆகா, என்ன களை!" என்பார். அமைச்சர்களும், "ஆகா, என்ன களை!" என்பார்கள். எல்லாம் ஒரு சாண் வயிறு படுத்தும் பாடு.

அத்தோடு விட்டானா? "ஊருக்குள் பழைய வாசற்கதவுகள் இருக்கின்றன. மூன்று தலைமுறை கைபட்டுத் தேய்ந்தவை. அவற்றைக் கொலுமண்டபத்தில் வரிசையாக நிறுத்தினால் எப்படியிருக்கும்!" என்றான். மறுநாளே சேவகர்கள் கிளம்பினார்கள். நாற்பத்திரண்டு வீடுகளில் நிலையோடு கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மன்னர் பூரித்துப்போய்ப் பறையறைவித்தார்: "இந்த வாசல்கள் அவரவர் வீட்டில் எப்படி இருந்தனவோ, அப்படியே இங்கும் இருக்க வேண்டும். ஒரு குறையும் வரக்கூடாது. மீறினால் தலை போகும்!"

சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன் நல்லாண்டி. அவன் வீட்டுக்கு வாணியத்தெரு வெள்ளைத்தாயி அழுதுகொண்டே வந்தாள்.

"சாமி, வெள்ளிக்கெழம எம் மகனுக்குக் கல்யாணம். இப்பப் பொண்ணு வீட்டுக்காரரு மாட்டேங்காரு. 'வாசலே இல்லாத வீட்டுக்கு எம் மக எந்த நிலையத் தாண்டி வருவா'ன்னு கேக்காரு. இது நின்னுபோச்சுன்னா எம் பிள்ளைக்கு இனி யாரு பொண்ணு குடுப்பா?"

"உன் வாசல் இப்போது எங்கே நிற்கிறது, தாயி?"

"கொலுமண்டபத்து முகப்புல."

"அப்படியானால் மருமகளை அங்கேயே அழைத்துக்கொண்டு வா."

"ஐயோ, தல போயிருமே!"

"வராவிட்டால்தான் போகும். பறையைக் கேட்டாய் அல்லவா? அப்படியே இருக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை உன் நிலைக்கு மஞ்சள் வைப்பாயா இல்லையா? மகன் கல்யாணம் என்றால் அந்த வாசலில் ஆலம் சுற்றுவாயா இல்லையா? அதெல்லாம் நடக்காவிட்டால் குறைதானே? காவற்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை மன்னர் பரிவாரத்தோடு கொலுமண்டபத்துக்கு வந்தார். வந்தவர் திகைத்து நின்றுவிட்டார். முகப்பில் பெரிய கோலம். நிலையில் மஞ்சள் குங்குமம், மேலே மாவிலைத் தோரணம். முரண்டு பிடித்த சம்பந்தி, மகள் அரண்மனையிலேயே வாழ வந்துவிட்டதாக நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். ஆலம் சுற்றியாயிற்று, பெண்ணும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போயாயிற்று. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் மூன்று கல்லை வைத்துப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வித்யாரங்கன் புகை காட்டிய சுவருக்கு இப்போது அசல் புகையே கிடைத்தது.

மன்னர் உள்ளே நுழையப் போனார்.

"ஆரு அது? செருப்பக் கழட்டிட்டு வாங்க! கோலத்த மிதிக்காதீக!" என்று புகைக்குள்ளிருந்து வெள்ளைத்தாயி அதட்டினாள்.

மன்னர் தம்மையறியாமல் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டார். பிறகுதான் சுரணை வந்தது.

"நல்லாண்டி! என்ன இது?"

"களை, அரசே. மனிதர் வாழ்ந்த களை வேண்டுமென்று வித்யாரங்கன் சொன்னான். வாழாமல் களை எப்படி வரும்? அதனால் ஆட்களை வரவழைத்தேன்."

"கல்யாணத்தை என் கொலுமண்டபத்திலா நடத்துவது?"

"அந்த வீட்டு வாசல் இங்கேதானே இருக்கிறது? இன்று ஒரு வாசல்காரர்தான் வந்திருக்கிறார். ஒன்பதாம் வாசல்காரர் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். பதினேழாம் வாசலில் மாமியாரும் மருமகளும் தினமும் நின்று சண்டை போடுவார்கள். முப்பதாம் வாசல் பெரியவருக்கு நேற்றே பேச்சு நின்றுவிட்டது. எப்படியும் நாளைக்குப் பறைமேளத்தோடு..."

"போதும், போதும்!" என்று அலறினார் மன்னர். "எல்லாக் கதவையும் திருப்பிக் கொடுங்கள். வித்யாரங்கா, முதல் கதவை நீயே சுமந்துபோய் மாட்டிவிட்டு, அப்படியே ஊரைவிட்டுப் போய்விடு!"

வித்யாரங்கன் கதவைத் தலையில் ஏற்றிக்கொண்டு தள்ளாடிப் போனான். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் மேளதாளத்தோடு அதன் பின்னால் நடந்தார்கள். வெள்ளைத்தாயி, "இடிச்சிராம மெல்லத் தூக்குங்க" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனாள்.

மன்னருக்கு மானம் போன வருத்தம். எதையாவது சொல்லிப் பெருமை தேடவேண்டுமே? "நல்லாண்டி, ஒன்றைக் கவனித்தாயா? பத்து நாளாக நாற்பத்திரண்டு வீடு கதவில்லாமல் கிடந்தது. ஒரு வீட்டில்கூடத் துரும்பு களவு போகவில்லை. என் காவல் அப்படி!"

"கவனித்தேன், அரசே. களவு எப்படிப் போகும்? கதவையே பெயர்த்துக்கொண்டு போகிற திருடர்கள் எல்லாரும்தான் இங்கே அரண்மனையில் இருந்தோமே!"

அமைச்சர்கள் விட்டத்தைப் பார்த்தார்கள். மன்னர் தம் ஒற்றைச் செருப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்காமல் வேறென்ன செய்வது? நல்லாண்டிக்கு முத்துமாலை கிடைத்தது. மணப்பெண்ணுக்கு ஒரு குத்துவிளக்கு போயிற்று. எருக்குழியைப் பார்க்காத, பளபளக்கும் புதுசு.