கருமந்தி மறைத்த செய்தி

மலையடிக் காட்டில் ஓர் ஆறு ஓடியது. அதன் கரையில் பெரிய மருத மரம் ஒன்று நின்றது. அந்த மரத்தடியில்தான் காட்டின் மருத்துவப் பள்ளி நடந்துவந்தது. கருமந்தி மாடத்தி அங்கே தலைமை மருத்துவச்சி.

மாடத்தியின் கை பட்டால் பாதி நோய் பறந்துவிடும் என்று காடு முழுக்கப் பேச்சு. முள் தைத்த யானைக்கு வலி தெரியாமல் முள்ளெடுப்பாள். முறிந்த சிறகை மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவாள். எந்த வேரை எப்போது பறிப்பது, எந்த இலையை எதோடு சேர்த்து அரைக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மருத்துவம் கற்க வந்த கீரியும் முயலும் மரங்கொத்தியும் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

காலையில் மாடத்தியின் பாடம். மாலையில் நீர்நாய் சங்கனின் பாடம். சங்கன் வேரும் கொண்டுவர மாட்டான், இலையும் கொண்டுவர மாட்டான். ஆற்றிலிருந்து ஏறி வந்து ஈரத்தை உதறிவிட்டு ஒரு கேள்வி கேட்பான். அவ்வளவுதான்.

“காயம் பட்டவர்கள் இரண்டு பேர். மருந்தோ ஒருவருக்குத்தான் காணும். யாருக்குக் கொடுப்பீர்கள்?”

“சின்னவருக்கு!” என்றது முயல்.

“பிழைக்கக்கூடியவருக்கு!” என்றது கீரி.

“பிழைப்பார் என்று உனக்கு யார் சொன்னது?” என்று மரங்கொத்தி சீறியது.

“சரி, ஒருவர் எனக்கு மருந்தே வேண்டாம் என்கிறார். அப்போது என்ன செய்வீர்கள்?” என்று சங்கன் அடுத்த கேள்வியைப் போடுவான். மரத்தடி சந்தை மாதிரி இரையும்.

அந்த இரைச்சலுக்கு மாடத்தி ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

“இதற்கெல்லாம் ஒரு பாடமா!” என்று சிரிப்பாள். “மனசு நல்லதாக இருந்தால் போதும் சங்கா. எது நல்லது என்று அதுவே சொல்லிவிடும்!”

“மனசு சொல்லும், மாடத்தி. பயமும் சொல்லும். எது எந்தக் குரல் என்று பிரித்துக் கேட்கப் பழக வேண்டாமா?”

“நீ பழக்கு. எனக்குப் பச்சிலை பறிக்கிற வேலை கிடக்கிறது!” என்று சொல்லி அவள் கிளைக்குத் தாவிவிடுவாள்.

கோடையின் கடைசியில் ஒரு நாள், செவந்தி என்ற கிழக் கடமான் மருத மரத்தடிக்கு வந்தாள். கூடவே அவள் மகன் முடியனும் வந்தான். நன்றாகக் கொம்பு விரிந்த ஆண் மான் அவன்.

“புல் இறங்க மாட்டேன் என்கிறது, மாடத்தி. தண்ணீர்கூடத் தொண்டையில் நின்று நின்று போகிறது” என்றாள் செவந்தி.

மாடத்தி அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். தாடைக்குக் கீழே விரல்கள் நின்றன. உள்ளே ஒரு கட்டி. கல் போல இறுகி, வேர்விட்டுப் பரவியிருந்தது. அப்படிப்பட்ட கட்டியை அவள் முன்பும் தொட்டிருக்கிறாள். அதற்கு இந்தக் காட்டில் மருந்து கிடையாது. வரப்போகிற மழைக்காலத்தைச் செவந்தி தாண்ட மாட்டாள்.

“சாறு பிழிந்து எடுத்துவருகிறேன், அக்கா. கொஞ்சம் இருங்கள்” என்று சொல்லிவிட்டு மாடத்தி புதருக்குப் பின்னால் போனாள். முடியன் பின்னாலேயே ஓடிவந்தான்.

“உண்மையைச் சொல்லுங்கள் அக்கா!”

அவள் சொன்னாள். முடியன் பாய்ந்து அவள் வழியை மறித்தான்.

“அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்! கேட்டால் மனசு உடைந்தே போய்விடுவாள். குணமாகிவிடும் என்று சொல்லுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்!”

மாடத்தி யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. சாகப்போகிறவளின் கண்ணைப் பார்த்து அதைச் சொல்ல அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. சொல்ல வேண்டாம் என்று மகனே கேட்டதும் தலையிலிருந்து சுமையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. அந்த நிம்மதியை அவள் இரக்கம் என்று எண்ணிக்கொண்டாள்.

“சரி” என்றாள்.

சாற்றைக் குடித்துவிட்டுச் செவந்தி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோடை ஆறு. கணுக்கால் தண்ணீர்தான் ஓடியது.

“மாடத்தி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அக்கரையில் என் தங்கை மருதி இருக்கிறாள், தெரியுமா?”

“கேள்விப்பட்டிருக்கிறேன், அக்கா.”

“என் மூத்த குட்டியைச் செந்நாய்கள் கொண்டுபோன அன்று காவல் நின்றவள் அவள்தான். ‘நீதான் என் பிள்ளையைக் கொன்றாய், இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன்’ என்று கத்திவிட்டேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆற்றைக் கடந்து போய்விட்டாள்.” செவந்தி மூச்சு வாங்கினாள். “அன்று காற்று எதிர்ப்பக்கம் வீசியது, மாடத்தி. செந்நாய் வாடை அவளுக்கு எப்படி வந்திருக்கும்? பக்கத்தில் நின்ற எனக்கே வரவில்லையே! கோபம் தணிந்த பிறகுதான் அது உறைத்தது. இப்போதே போய் அவளைப் பார்த்துவிடட்டுமா? இல்லை, உடம்பு தேறிய பிறகு போகட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.”

முடியன் தாயின் தோளுக்கு மேலாக மாடத்தியையே பார்த்தான்.

“மழைக்காலம் முடியட்டும், அக்கா” என்றாள் மாடத்தி. “அதற்குள் உடம்பு தேறிவிடும். துள்ளிக்கொண்டே போகலாம்!”

செவந்தியின் காதுகள் நிமிர்ந்தன. “அப்படியா சொல்கிறாய்! அதுவும் நல்லதுதான். நோயாளியாகப் போய் நின்றால் இரக்கப்பட்டு மன்னித்ததாக ஆகிவிடும்” என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து, தான் செய்தது நல்லதுதான் என்று மாடத்திக்குத் தோன்றியது.

மறுநாள் சங்கன் அவளை வழிமறித்தான். “செவந்திக்கு என்ன நோய் என்று அவளுக்குத் தெரியுமா?”

“மகன் சொல்ல வேண்டாம் என்றான்.”

“மகனா நோயாளி?”

“தாயின் மேல் அவனுக்கு இல்லாத அக்கறை உனக்கு வந்துவிட்டதோ!”

“அக்கறை இல்லை என்று நான் சொன்னேனா? செவந்தியிடம் எல்லாவற்றையும் கொட்டு என்றும் சொல்லவில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள உனக்கு விருப்பம் என்று அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“கேள்வி கேட்பது உன் வேலை, சங்கா. நோய் பார்ப்பது என் வேலை!” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மாடத்தி போய்விட்டாள்.

தினமும் அவள் சாறு கொண்டுபோனாள். வலி தணிந்தது. செவந்தி நாளுக்கு நாள் மெலிந்தாள். ஆனாலும் தங்கையிடம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “முதலில் அவள் குட்டிகளைப் பற்றிக் கேட்பேன். உடனே மன்னிப்பில் இறங்கினால் அழுதுவிடுவாள்” என்பாள். மாடத்தி தலையாட்டுவாள். அவள் கண்ணை மட்டும் பார்க்க மாட்டாள்.

அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டது.

மேற்கே மலை இருண்டது. விடியுமுன் ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி, வேரோடு சாய்ந்த மரங்களை உருட்டிக்கொண்டு வந்தது. கடமான்கள் கடக்கும் துறை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. அன்று காலை கரை மேட்டில் செவந்தி எழுந்து நிற்க முயன்று அப்படியே சரிந்தாள்.

மாடத்தி ஓடிவந்தாள்.

“மழை விட்டதும் போகலாம் என்றாயே” என்று செவந்தி மெல்லக் கேட்டாள். “மழை விடும். அதுவரை நான் இருப்பேனா?”

“இருப்பாய் அம்மா!” என்று முடியன் கத்தினான்.

“உன்னைக் கேட்கவில்லையப்பா. மாடத்தியைக் கேட்கிறேன்.”

மாடத்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இருக்க மாட்டீர்கள், அக்கா” என்றாள்.

“எப்போது தெரியும்?”

“முதல் நாளே.”

“ஆற்றில் கணுக்கால் தண்ணீர் ஓடியபோதா?”

“ஆமாம், அக்கா.”

செவந்தி கண்ணை மூடித் திறந்தாள். “அன்றைக்கே போயிருப்பேனே!”

“கேட்டால் உங்கள் மனசு உடைந்துவிடும் என்று நினைத்தோம்...”

“உடைந்திருக்கும். உடைந்த மனசோடு நடந்து போயிருப்பேன். அன்றைக்குக் கால் இருந்ததே, மாடத்தி!”

முடியன் கொம்பை மண்ணில் புதைத்துக்கொண்டு அழுதான்.

விஷயம் சங்கனுக்குத் தெரிந்தது. “நான் சொன்னேனே” என்றுகூடச் சொல்லவில்லை. மருதிக்குச் சொல்ல வெள்ளத்தில் குதித்தான். உருண்டு வந்த மரங்களுக்கு அடியில் மூழ்கி, எங்கோ வெகுதூரத்தில் அக்கரை ஏறினான். காலில் அடிபட்டதால் அவனால் திரும்பி வர முடியவில்லை.

பொழுது சாய்கிற நேரம், அக்கரை மேட்டில் ஒரு கடமான் வந்து நின்றது. மருதிதான்! அவள் தண்ணீரில் இறங்கப் பார்த்தாள். வெள்ளம் அவளைத் தூக்கிக் கரையில் எறிந்தது. மறுபடியும் இறங்கினாள். மறுபடியும் எறிந்தது. பிறகு கழுத்தை நீட்டி எதையோ கூவினாள். திரும்பத் திரும்பக் கூவினாள். ஆற்றின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

முடியன் தாயின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தான். செவந்தியின் பார்வை மங்கிவிட்டது. காதை மட்டும் ஆற்றுப் பக்கம் திருப்பினாள்.

“வந்துவிட்டாளா? என்ன சொல்கிறாள்?”

முடியன் மாடத்தியிடம் குனிந்தான். “மன்னித்துவிட்டேன் என்கிறாள் என்று சொல்லிவிடுங்கள் அக்கா! என்ன கெட்டுவிடப் போகிறது! நிம்மதியாகப் போகட்டும்!”

மாடத்தி வாயைத் திறந்தாள். அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எவ்வளவு இனிப்பான பொய்! சொல்வதும் எளிது. ஆனால் இதே எளிமைதானே அன்றைக்கும் அவளை இழுத்தது?

அவள் செவந்தியின் கண்ணைப் பார்த்தாள். இத்தனை நாளில் அன்றுதான் நேராகப் பார்த்தாள்.

“என்ன சொல்கிறாள் என்று காதில் விழவில்லை, அக்கா. இரைச்சலாக இருக்கிறது. ஆனால் மருதி வந்திருக்கிறாள். இரண்டு முறை வெள்ளத்தில் இறங்கிப் பார்த்தாள். முடியவில்லை. இன்னும் போகாமல் அங்கேயே நிற்கிறாள்.”

“நிஜமாகவா? இதையும் எனக்காகச் சொல்லவில்லையே?”

“நிஜம், அக்கா.”

செவந்தி பெருமூச்சு விட்டாள். “போதும் என்று சொல்ல மாட்டேன், மாடத்தி. போதவில்லை. ஆனாலும் சொன்னாயே” என்றாள்.

வெளிச்சம் அடங்குவதற்குள் அவள் மூச்சு அடங்கியது. அக்கரையில் மருதி நின்றுகொண்டே இருந்தாள்.

வெள்ளம் வடிந்ததும் மருதி ஆற்றைக் கடந்து வந்தாள். சங்கனும் நொண்டிக்கொண்டே கூட வந்தான். அக்கா கிடந்த இடத்தை மருதி மோந்து பார்த்தாள். அங்கே ஈரப் புல் மட்டும் முளைத்திருந்தது.

“எனக்கு அவள் மேல் கோபமே இல்லை” என்றாள் மருதி. “அதைத்தான் கத்திக்கொண்டே இருந்தேன். கோடையில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடிவந்திருப்பேனே! ஏன் சொல்லவில்லை?”

முடியன் தலை குனிந்தான். மாடத்தி முன்னால் வந்தாள். “சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான். சொல்லப் பயந்தேன்” என்றாள்.

மருதி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மாடத்திக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மருதி திரும்பி ஆற்றைக் கடந்து போய்விட்டாள்.

அன்று மாலை சங்கனின் பாடத்துக்கு மாடத்தி போனாள். கீரிக்கும் முயலுக்கும் பின்னால், கடைசியில் உட்கார்ந்தாள். மாணவர்கள் கிசுகிசுத்தார்கள். சங்கன் கேள்வி கேட்டான். கீரி ஒன்று சொன்னது. மரங்கொத்தி இல்லவே இல்லை என்றது. மாடத்தி ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த இரைச்சலுக்கு நடுவே, கோடை ஆறு கணுக்கால் அளவு ஓடும்போதே, தான் ஒரு நாள் உட்கார்ந்திருக்கலாம் என்ற எண்ணம் அவளை அரித்தது.

மருந்து கொடுக்கக் கை பழகினால் மட்டும் போதாது. உரியவரிடம் உண்மையைப் பரிவோடு சொல்ல நாவும் காலத்தோடு பழக வேண்டும்.