கம்ப்யூட்டருக்குள்ள லபக்குப் பூதம்

காலை நீட்டிப் படுட்டி மிருது. அத்தை கதை சொல்லுதேன், நீ 'ம்' கொட்டணும். கொட்டலைன்னா எந்திரிச்சுப் போயிருவேன். எங்க, ஒரு தடவை கொட்டு பாப்போம். ஆங், அப்படி.

ஒரு ஊர்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சாம். கோவில்பட்டிக்குப் பக்கத்துல, பஸ்ஸு திரும்புற இடத்துல, ஒரு ஜெராக்ஸ் கடைக்குள்ள. கடைக்காரி பேரு செண்பகவல்லி. ரொம்ப நல்ல மனசு. கோவம்னா என்னன்னே தெரியாது. எனக்கு நேர்மாறு. சிரிக்காதட்டி.

அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு சின்னப் பூதம் இருந்துச்சு. ஒரு துண்டு கடலை மிட்டாயைக் கடிச்சுக்கிட்டு அது பாட்டுக்கு வேலை பாக்கும். சுவிட்சைப் போட்டா டிங்! பிரிண்ட் கேட்டா சர்ர்ர்! அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் திரையில, 'உங்க பூதம் பழசாப் போச்சு, புதுப் பூதம் ஓசி'ன்னு வந்துச்சு. ஓசின்னா விடுவோமா? செண்பகவல்லி அக்கா பட்டனை அமுக்கிட்டா. சின்னப் பூதம் மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிருச்சு. எதைக் குடுத்தாலும் லபக்குனு முழுங்குற லபக்குப் பூதம் உள்ள வந்து சம்மணம் போட்டு உக்காந்துருச்சு.

ம்?

இதுல ஒரு விஷயம் இருக்கு, கேளு. கடை வச்சிருக்கவங்க 'இல்லை'ங்குற வார்த்தையை வாயால சொல்ல மாட்டாங்க. அதுவும் காலையில, போணி ஆகாத நேரத்துல, சொல்லவே மாட்டாங்க. லட்சுமி கோவிச்சுக்கிட்டுப் போயிருவாளாம். கலர் பேப்பர் இருக்கான்னு கேட்டா, "நாளைக்கு வந்துரும்"பா அக்கா. பேனா இருக்கா? "இப்பதான் தீந்துச்சு, கண்ணு." இல்லைன்னு மட்டும் வாயில வராது. லபக்குப் பூதத்துக்கு இது எப்படியோ தெரிஞ்சுபோச்சு. பிடிச்சுக்கிட்டுச்சு.

அப்போ ஒரு நாள் விடிஞ்சும் விடியாம முப்பிடாதி ஓடி வந்தா. அதே ஊர்ப் பொண்ணு. நர்ஸு படிப்புக்கு அன்னைக்குத்தான் அவளுக்குப் பரிட்சை. புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குது.

"அக்கா, ஹால் டிக்கெட்டு அடிச்சுத் தாங்க. பஸ்ஸு வரப்போகுது. அந்தத் தாள் கையில இருந்தாத்தான் உள்ள விடுவாங்களாம்."

"உக்காருட்டி, இந்தா அடிச்சிருதேன்"னு அக்கா சுவிட்சைப் போட்டா. டிங்!

பூதம் கொட்டாவி விட்டுச்சு. ஆஆஆவ்! "எனக்குப் பசிக்குது. மெமரி தருவியா?" கீழ ரெண்டே ரெண்டு பட்டன். ஒண்ணு 'ஆமாம்'. இன்னொண்ணு 'ஆமாம், ஆனா கொஞ்சம் கழிச்சு'.

அக்கா பாவம், பக்கத்துக் கடைக்கு ஓடி மெமரி வாங்கியாந்து டக்குனு சொருகினா. லபக்! போன இடம் தெரியல. தின்னுட்டு என்ன செஞ்சுச்சு தெரியுமா? திரையில ஒரு அருவி விட்டுச்சு. சலசலசலன்னு. மூலையில 'இன்று கோவில்பட்டியில் வெயில்'னு எழுதுச்சு. கோவில்பட்டியில வெயில்னு சொல்ல மெமரி வேணுமாட்டி? வாசல்ல நின்னா மண்டை சொல்லாதா?

தாள் வரல. அப்புறம் பூதம், "எனக்குப் புழுங்குது, காத்து வேணும்"னுச்சு. மறுபடியும் அதே ரெண்டு பட்டன். அக்கா ஆட்டுக்கல் சைஸுக்கு ஒரு ஃபேனைத் தூக்கியாந்து மாட்டினா. விர்ர்ர்ர்! கடையில இருந்த தாளெல்லாம் பறக்குது, முப்பிடாதி சடை நட்டமா நிக்குது.

லபக்! உடனே பூதத்துக்குப் பேச்சு வந்துருச்சு. "வணக்கம். நான் உங்கள் உதவியாளர்."

முப்பிடாதி கையெடுத்துக் கும்பிட்டா. "சாமி, ஒரே ஒரு தாள் அடிச்சுத் தா!"

"தாளைப் பற்றி ஒரு கவிதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காத்திருக்கவும்."

அடி செருப்பாலன்னு நானா இருந்தாச் சொல்லியிருப்பேன். அக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா. தூரத்துல பஸ்ஸு சத்தம். பாம்!

ம்? கண்ணு சொருகுதா? இனிமேதான் இருக்கு கூத்து.

அப்போ பூதம், "எனக்கு வருங்காலத்துப் பெட்டி வேணும்"னுச்சு. அக்கா 'ஆமாம்'ல வெரலை வச்சா. வச்சதுதான் தாமதம், டடடடன்னு ஒரு லாரி வந்து நின்னுச்சு. டை கட்டின ஆளு ஒருத்தன் குதிச்சான். "மேடம், இது அறுபது வருஷம் கழிச்சு வரப்போற பெட்டி. முன்கூட்டியே கொண்டாந்துட்டோம்."

எம்மாடி! ரைஸ் மில் தண்டிக்கு ஒரு பெட்டி! கோயில் கொடைத் திருவிழா மாதிரி பச்சை, சிவப்பு, ஊதான்னு லைட்டு. சூடாகாம இருக்கத் தண்ணி வேணும்னு ஊர்த் தொட்டிக்குள்ள குழாயை விட்டான். மடக் மடக் மடக்! தொட்டி காலி. ஒயரை மாட்டினான். டப்! ஊர்க் கரண்டு பூரா பெட்டிக்குள்ள போயிருச்சு. எல்லா வீட்டு மிக்ஸியிலயும் சட்னி பாதியில நின்னுச்சு. பொம்பளைக எல்லாம் கரண்டியும் கையுமா தெருவுக்கு வந்துட்டாக.

லபக்! இப்போ அருவிக்குள்ள மீன் நீந்துது. மீனுக்குக் கண் இமை இருக்கு. ஒவ்வொரு இமையும் ஆடுது. தாளை மட்டும் காணும்! பூதம் நாக்கை நக்கிக்கிட்டு, "இப்பத்தான் பசியே எடுக்குது. நிலாவுல எனக்கு ஒரு குடோன் கட்டித் தருவியா?"ன்னு கேட்டுச்சு.

பாம்! பாம்! பஸ்ஸு வந்து திரும்புது.

முப்பிடாதி பையைத் தோள்ல மாட்டிக்கிட்டா. "பரவாயில்லக்கா. அடுத்த வருஷம் எழுதிக்கிடுதேன்"னு சொல்லிச் சிரிச்சா. சிரிச்சாளே தவிர கண்ணு பஸ்ஸு மேலயே இருக்கு.

அக்கா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா. 'இந்தத் தீனிப்பண்டாரத்துக்கு நல்லவளா இருக்கப்போயி, ஒரு புள்ளையோட வருஷத்தைத் தின்னக் குடுத்துட்டேனே!' அவளுக்கு வந்துச்சு பாரு கோவம், அம்மாடி, உச்சந்தலை வரைக்கும். பட்டனைத் தேடல. வாயைத் திறந்தா.

"இல்லை!"

பூதம் எந்நேரமும் காதைத் தீட்டி வச்சிக்கிட்டு இருக்குமா, நல்லாக் கேட்டுருச்சு. திரு திருன்னு முழிச்சுச்சு. "இல்லையா? அது எந்தப் பட்டன்? எங்க ஊர்ல அப்படி ஒண்ணு வைக்கவே இல்லையே!"

"நிலா இல்லை! மெமரி இல்லை! ஒரு சொட்டுத் தண்ணி இல்லை! தாளை அடி!"

விர்...ர்...ர்னு ஃபேன் நின்னுச்சு. மீனெல்லாம் பொத்து பொத்துன்னு விழுந்துச்சு. அருவி வத்துச்சு. பூதம் சுருங்கிப் பூசணிக்காய் ஆச்சு, அப்புறம் தேங்காய் ஆச்சு, அப்புறம் நெல்லிக்காய் ஆச்சு. சர்ர்ர்ர்! வந்துச்சு தாளு, சுடச்சுட!

பஸ்ஸு கிளம்பிருச்சேன்னு பாக்கியா? கரண்டி வச்சிருந்தவங்க என்ன சும்மாவா நின்னாங்க? பஸ்ஸுக்கு முன்னால போயி வரிசையா நின்னுட்டாங்க. டிரைவர் கும்பிடு போட்டாரு. முப்பிடாதி தாளை ஊதி ஊதி ஓடிப்போயி ஏறிட்டா. அப்புறம் அந்தப் பரிட்சையை எழுதினா, பாஸும் பண்ணினா, நர்ஸும் ஆனா.

ம்?

அப்புறம் ஊருக்குக் கரண்டு திரும்பி வந்துச்சு, கடையும் அமைதியாகிருச்சு. அப்போ கம்ப்யூட்டருக்குள்ள இருந்து ஒரு சத்தம். ஏஏவ்!

"அக்கா, இது என்னது?"ன்னு நெல்லிக்காய்ப் பூதம் பயந்துபோயிக் கேட்டுச்சு.

"ஏப்பம்ல அது."

"எனக்கு வந்ததே கிடையாதே. நான் கேட்டா எல்லாரும் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. என் வயிறு எங்க முடியுதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அக்காவுக்குக் கோவமெல்லாம் கரைஞ்சுபோச்சு. கம்ப்யூட்டர் தலையில மெதுவாத் தட்டிக் குடுத்தா. வயிறு நிறைஞ்ச பூதம் சுருண்டு படுத்துக் கொர்ர்ருன்னு தூங்கிருச்சு.

பூதமும் ஆஃபு, கதையும் ஆஃபு, கண்ணை மூடிக்கோ தங்கம்.