இரண்டு எண்ணிக்கை

இஸ்தான்புல்லில் சுல்தானின் பழைய படையைக் கலைத்தபோது அதன் வாத்தியக் குழுவையும் கலைத்துவிட்டார்கள். முரசுகள் கிடங்குக்குப் போயின. ஸுர்னா ஊதியவர்களில் செல்மான் மட்டும் புதிய இராணுவ இசைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். வயது ஐம்பது. ஸுர்னா நம் நாகஸ்வரத்துக்கு உறவு. இங்கே அவர் கையில் கிளாரினெட்டைக் கொடுத்தார்கள்.

ஆசிரியர் ரஃபெத்துக்கு முப்பதுகூட ஆகவில்லை. செல்மான் அவரை ஆசிரியருக்குரிய மரியாதையோடு 'ஹோஜா' என்று அழைப்பார். அவர் செல்மானை, வயதில் மூத்தவர் என்பதால், 'அகா' என்பார்.

தாளில் எழுதிய இசையைப் படிக்க செல்மான் மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டார். ஒன்றுதான் வரவில்லை. அணிவகுப்புப் பாட்டின் நடுவே இரண்டு எண்ணிக்கை நேரம் எல்லோரும் நிறுத்த வேண்டும். அப்போதும் செல்மானின் குழல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

"வெள்ளிக்கிழமை அரண்மனை முற்றத்தில் வாசிக்கிறோம். அன்றும் நிறுத்தாவிட்டால் அவரை அனுப்பிவிடு" என்று ரஃபெத்திடம் சொன்னார் பள்ளி அதிகாரி.

பயிற்சி முடிந்து மற்றவர்கள் போனதும் செல்மான் ஆசிரியரிடம் வந்தார்.

"வேண்டுமென்று செய்யவில்லை, ஹோஜா. மூச்சு நிற்க மாட்டேன் என்கிறது."

"யாரிடம் கற்றீர்கள், அகா?"

செல்மானின் முகம் மலர்ந்தது.

"குர்ஷித் உஸ்தாத். கிண்ணத்துத் தண்ணீரில் நாணலை வைத்து ஊதச் சொல்வார். வாயால் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்க வேண்டும். குமிழி நின்றால் தண்ணீர் என் தலையில். இரண்டு குளிர்காலம் நனைந்தேன்." சிரித்தார். "பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் தளபதியின் கூடாரத்துக்கு முன்னால் பிறை வடிவில் நிற்போம். உஸ்தாத்துக்கு வலப்பக்கம் நான். முரசு அதிர்ந்தால் தரை வழியாகக் காலில் ஏறும். இப்போதும் அந்த வேளை வந்தால் கால் காத்திருக்கிறது."

"ஏன் நிறுத்தக் கூடாது என்றார்?"

"போரில் புழுதிக்குள் கொடி தெரியாது. எங்கள் சத்தம் கேட்கிறவரை படை ஓடாமல் நிற்கும். சத்தம் நின்றால் தோற்றுவிட்டோம் என்று ஓடிவிடும்."

"இப்போது எங்கே இருக்கிறார்?"

செல்மான் கிளாரினெட்டைக் கையில் திருப்பினார்.

"டான்யூப் ஆற்றங்கரையில் ஒரு போர். பக்கத்தில்தான் ஊதிக்கொண்டிருந்தார். அவர் ஸுர்னா நின்றது. என் தோளை ஒட்டியிருந்த தோள் விலகியது. நான் திரும்பிப் பார்க்காமல் ஊதிக்கொண்டே இருந்தேன். பொழுது சாயும்வரை ஊதினேன். முடிந்து திரும்பினால் அவரைப் புதைத்துவிட்டிருந்தார்கள்."

"படை?"

"நின்றது."

செல்மான் தாளில் அந்த இரண்டு எண்ணிக்கைக் குறியின் மேல் விரலை வைத்தார்.

"எல்லாக் குறியும் புரிகிறது. இது மட்டும் புரியவில்லை. எதுவும் வாசிக்காத இடத்தை எதற்கு எழுதி வைக்கிறார்கள்? இதில் நான் என்ன செய்வது, ஹோஜா?"

ரஃபெத் அவர் கையிலிருந்த கிளாரினெட்டை மெல்ல வாங்கி மேசைமேல் வைத்தார்.

"உஸ்தாத்தைத் திரும்பிப் பாருங்கள், அகா."

வெள்ளிக்கிழமை அந்த இடம் வந்தபோது எல்லாக் குழல்களும் நின்றன. வரிசையில் ஒருவர் தலை மட்டும் இடப்பக்கம் திரும்பியது. அதிகாரி முகம் சுளித்தார்.

முன்னால் நின்று குழுவை நடத்திய ரஃபெத் அந்த இரண்டு எண்ணிக்கையையும் கொஞ்சம் மெதுவாகவே எண்ணினார்.