நிலைப்பாடு

தூத்துக்குடியில் ஒரு டயர் கடையின் மாடி அறையில் வறுமை எதிர்ப்புக் குழு ஞாயிறுதோறும் கூடும். குழுவுக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. ஆனால் எல்லோரும் அமலியைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

அமலி மீன் கம்பெனியில் இறால் உரித்தவர். முதியோர் பென்ஷனை நிறுத்தியபோது தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்தவர். பென்ஷன் வந்த பிறகுதான் எழுந்தார்.

குணாளன் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இரண்டு கட்சிகளில் இருந்தவர். இரண்டும் உடைந்தபோது, இரண்டு முறையும் சிறிய பிரிவோடு வெளியே வந்தவர்.

"இனி நீங்கதான் எனக்கு ஆசான்," என்று அமலியிடம் ஒருநாள் சொன்னார்.

"ஆசானெல்லாம் எதுக்கு தோழர்? கூட்டத்துக்கு நாற்காலி தூக்க ஆளு வந்தா போதும்."

குணாளன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் ஒரு அறக்கட்டளை, உப்பளத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்தது. அங்கே ஒவ்வொரு பெண்ணுக்கும் மாதம் இரண்டாயிரம் ரூபாய் தரப்போவதாக அறிவித்தது. வேலைக்குப் போனாலும் பணம், போகாவிட்டாலும் பணம். அதற்கு அடிப்படை வருமானம் என்று பெயர். அங்கே சரியாக நடந்தால் மாநிலம் முழுக்கக் கொடுக்கச் சொல்லி அரசிடம் கேட்பார்களாம்.

இதை ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்று குழுவில் பேச்சு எழுந்தது.

"இது பொறி," என்றார் குணாளன். "இன்னைக்குக் காசு கொடுப்பான். நாளைக்கு, அதான் காசு கொடுக்கிறோமேன்னு ரேஷன் கடையை மூடுவான். முதலாளி கூலியைக் குறைப்பான். வீட்டுக்காரன் வாடகையை ஏத்துவான். எழுதி வச்சுக்குங்க, அந்த ரெண்டாயிரம் முதல்ல போறது வாடகைக்குத்தான்."

தவசிமுத்து கல்லூரியில் பொருளாதாரம் நடத்துபவர். குழுவில் குணாளனுக்கு எதிர்ப்பக்கம் அவர். "கையில நாலு காசு இருந்தாத்தான் தோழர், ஒரு பொம்பளை காண்ட்ராக்டரைப் பார்த்து முடியாதுன்னு சொல்ல முடியும். வயிறு காய்ஞ்சவங்க எப்படிப் போராடுவாங்க?"

"காசு கொடுத்தா போராட்டமே இருக்காது."

"பட்டினி போட்டா மட்டும் இருக்குமா?"

இப்படியே பல ஞாயிறுகள் போயின. இரண்டு பேரும் கட்டுரை எழுதினார்கள். இரண்டு பேரும் மறுப்பு எழுதினார்கள். மறுப்புக்கும் மறுப்பு வந்தது. அமலி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். சில நாள் அப்படியே தூங்கிவிடுவார்.

ஒரு ஞாயிறு குணாளன் கேட்டார். "தோழர், நீங்க தீர்ப்புச் சொல்லுங்க. ஆதரிக்கிறதா, எதிர்க்கிறதா?"

"அந்தத் தெருவுக்கு நம்மள்ல யாரு போனீங்க?"

யாரும் போகவில்லை.

"அப்ப அடுத்த கூட்டத்தை அங்கேயே வச்சிக்கிடுவோம். அந்தப் பொம்பளைகளும் இருந்து பேசட்டும்."

குணாளன் பதறிவிட்டார். "அதெப்படி தோழர்? ஒரு நிலைப்பாடு இல்லாம மக்கள்கிட்ட போகக்கூடாது. குழப்பம்தான் மிஞ்சும்."

இந்த ஒரு விஷயத்தில் தவசிமுத்துவும் அவர் பக்கம் நின்றார்.

அமலி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. நிலைப்பாடு எப்ப வரும்?"

"இன்னும் ரெண்டு மூணு அமர்வு வேணும்."

"எனக்குக் கம்பெனியில ஒரு பிள்ளைக்குக் கை வெட்டுப்பட்ட கேஸு கெடக்கு. நான் அதைப் பாக்கப் போறேன்," என்று அமலி எழுந்து போய்விட்டார்.

வைகாசி கழிந்தது. தெருவில் பணம் வரத் தொடங்கியது. ஆடி பிறந்தபோது வாடகையும் ஏறியது.

குணாளனுக்கு டீக்கடையில் சேதி கிடைத்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு மீன் கம்பெனி வாசலுக்கு வந்தார். அங்கே அமலி ஷிப்ட் முடிந்து வரும் பெண்களை நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"தோழர்! கேள்விப்பட்டீங்களா? வாடகையை ஏத்திட்டான்! கட்ட மாட்டேன்னு சொன்ன ஒரு அம்மாவோட வீட்டுக் கரண்டை வெட்டி, சாமானை நடுரோட்டுல எறிஞ்சிட்டான்! நான் சொன்னேனே!"

பரீட்சை முடிவு பார்த்த பையனைப் போல அவர் முகம் மலர்ந்திருந்தது. அமலி அந்த முகத்தையே பார்த்தார்.

"சந்தோஷமா இருக்கா தோழர்?"

"சந்தோஷம்னு இல்ல. ஆனா என் கருத்து நிரூபணமாயிடுச்சு."

"நல்லது. அந்த அம்மா பேரு செல்லக்கனி. தெருவுலதான் உக்காந்திருக்கா. அவகிட்டப் போயி, நீங்க சொன்னது சரியாப் போச்சுன்னு சொல்லுங்க. நான் ஆளு கூட்டிட்டு வாரேன்."

கேலியா, கட்டளையா என்று குணாளனுக்குத் தெரியவில்லை. ஆசான் சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா? போனார்.

அந்தத் தெருவில் இருந்தவை ஒரே வீட்டுக்காரருக்குச் சொந்தமான வரிசை வீடுகள். கடைசி வீட்டின் முன்னால் ஒரு பீரோ, கட்டில், அரிசி டிரம், சுருட்டிய பாய்கள் எல்லாம் கிடந்தன. காற்று மண்ணை வாரி அவற்றின் மேல் போட்டுக்கொண்டிருந்தது. உப்பளத்திலிருந்து வந்த கோலத்திலேயே செல்லக்கனி கட்டில் சட்டத்தில் உட்கார்ந்திருந்தார். கால் விரல் இடுக்குகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"அம்மா, நான் குழுவிலேருந்து வர்றேன். இப்படி நடக்கும்னு நான் முன்னாடியே சொன்னேன்."

செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தார். "யாருகிட்ட சொன்னீங்க?"

"எங்க கூட்டத்துல."

"எப்ப?"

"பணம் வர்றதுக்கு முன்னாடியே. வைகாசியில."

"வைகாசியிலயே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வீட்டுக்காரரு போன வாரம்தான சார் வந்தாரு. ஒவ்வொரு வீடா வந்து, பக்கத்து வீட்ல ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னாரு. யாரும் யாரையும் கேக்கல, பயந்துபோயி சரின்னுட்டாங்க. நீங்க முன்னாடியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எல்லாரும் சேந்து முடியாதுன்னு நின்னிருப்போம்லா?"

"எங்களுக்குள்ள இன்னும் முடிவாகல," என்றார் குணாளன். சொல்லும்போதே அவருக்கு நாக்கு கூசியது.

செல்லக்கனி அரிசி டிரம்மின் மூடியை அழுத்தி மூடினார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று குணாளனுக்குத் தோன்றியது.

"நீங்க மட்டும் எப்படி முடியாதுன்னு சொன்னீங்க?"

"கையில அந்த ரெண்டாயிரம் இருந்துச்சு. இந்த மாசம் பட்டினி கெடக்க மாட்டோம்னு ஒரு தைரியம். அதுல சொல்லிட்டேன்."

அது தவசிமுத்துவின் வாதம். குணாளன் தலையைக் குனிந்துகொண்டார்.

அமலி பத்துப் பதினைந்து பெண்களோடு வந்து சேர்ந்தார். வந்ததும் கதவில் தொங்கிய பூட்டை உடைத்தார்கள். பூட்டு செல்லக்கனியுடையதல்ல, வீட்டுக்காரர் போட்டது. சத்தம் கேட்டு அவரே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்.

"போலீஸைக் கூட்டிட்டு வருவேன்!"

"வாங்க. கரண்டை வெட்டினதையும், ஆளில்லாத நேரத்துல வீட்டுக்குள்ள நுழைஞ்சதையும் அவங்ககிட்டயே சொல்லுதோம்," என்றார் அமலி.

வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அதைப் பார்த்து வரிசையில் சில கதவுகள் திறந்தன. பெண்கள் வெளியே வந்து ஆளுக்கொரு சாமானைத் தூக்கினார்கள். சில கதவுகள் திறக்கவே இல்லை.

"அந்த ஆளு போலீஸோட வாரதுக்குள்ள எல்லாம் உள்ள போயிரணும். சீக்கிரம், சீக்கிரம்," என்று அமலி விரட்டினார்.

சேதி கேட்டுத் தவசிமுத்துவும் மூச்சிரைக்க வந்தார். குணாளன் பீரோவின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். தவசிமுத்து மறுமுனையைப் பிடித்தார். நிலைப்படி வரைக்கும் ஒழுங்காகத்தான் போனார்கள்.

"இதை வச்சு எதையும் முடிவு பண்ணிடாதீங்க," என்றார் தவசிமுத்து. "அந்தப் பணம் இருந்ததாலதான் அந்தம்மா எதிர்த்தே நின்னாங்க."

"பணம் வந்ததாலதான் வாடகையே ஏறிச்சு."

"அதுக்கு வாடகைக் கட்டுப்பாடு கேட்கணும். பணத்தை வேண்டாம்னு சொல்லக்கூடாது."

"நான் வேண்டாம்னு சொல்லல. பணம்ங்கிற கோரிக்கையை மட்டும் தனியா முன்வைக்கக் கூடாதுன்னு சொல்றேன். என் ரெண்டாவது கட்டுரையை நீங்க முழுசா படிக்கல."

பீரோவைக் கீழே வைத்துவிட்டார்கள். பேசுவதற்குக் கை வேண்டியிருந்தது. பின்னால் கட்டிலோடு இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் செல்லக்கனி பாய்களை அணைத்துக்கொண்டு நின்றார். இடுப்பில் அரிசி டிரம்மோடு அமலி நின்றார். தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கூடவே ஒரு ஜீப்.

குணாளன் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் கூட்டத்தில் பேசுவது போலவே இருந்தது.

"தோழர், இப்பவாவது நீங்க சொல்லுங்க. எங்க ரெண்டு பேர்ல யார் சொன்னது சரி?"

"ரெண்டு பேரும் சரிதான்," என்றார் அமலி. "வாசலை விட்டு விலகுங்க."