பேர் வைக்காத பாப்பாவும் ஏப்பம் விட்ட குழாயும்

ஒரு ஊர்ல ஒரு எஞ்சினியர் இருந்தான். காலை நீட்டிப் படு குறிஞ்சி. அது உன் தாத்தா தலகாணிதான், கட்டிப் பிடிச்சுக்க. நீ ம் கொட்டினாத்தான் கதை நடக்கும்.

"ம்."

அந்த எஞ்சினியர் பேரு வீரணன்.

"அய்ய, அது தாத்தா! தாத்தாவப் போயி அவன் இவன்ங்கறீங்க?"

எனக்குத் தம்பிதானடி அவன்? இன்னிக்குப் படத்துக்கு மாலை போட வந்தவங்க எல்லாம் அவர் இவர்னு பேசிட்டுத்தான் போனாங்க. அந்த மரியாதை போதும் அவனுக்கு. கதையில அவன் இளவட்டம். ஊர் ஊராத் தண்ணித் தொட்டி கட்டுற எஞ்சினியர். சாயங்காலம் ஆச்சுன்னா சைக்கிள் டிங் டிங், டிங் டிங்னு வீட்டுக்குப் பறந்துரும். கூட வேலை பாக்குறவங்க டீக்கடைக்குக் கூப்பிட்டா, "பாப்பா முழிச்சிருக்கும்யா"ன்னு ஒரே மிதி. பொண்டாட்டி செண்பகத்துக்கு ஒரு முழம் பூ, கைக்குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை. பாப்பா துணிய அவனே அலசிக் கொடியில போடுவான். தெருவே சிரிக்கும். அவன் பாட்டுக்குக் காயப் போடுவான்.

அப்புறம், அவனுக்கு ஒரு அக்கா. பேரு ஒச்சம்மா. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவ. கூட்டத்துல வீசுற துண்டு நோட்டீஸைப் பொறுக்கி, எழுத்துக் கூட்டிப் படிச்சவ. அவ கோஷம் போட்டா கலெக்டர் ஆபீஸ் ஜன்னல் கடகடகடன்னு ஆடும்.

"அது நீங்கதானே அத்தைப்பாட்டி?"

குறுக்கே பேசாத. ம் மட்டும்.

"ம்."

ஒச்சம்மா இருந்தது மேட்டுத்தெரு. கீழே பள்ளத்தெரு. பள்ளத்தெருவுல குழாய் சளசளன்னு ஊத்தும், மாடு குளிப்பாட்டுவாங்க. மேட்டுத்தெருப் பொம்பளைங்க குடத்தோட பாறை இறங்கிப் பாறை ஏறணும். ஒச்சம்மா விடுவாளா? மறியல் பண்ணினா, லத்தியடி வாங்கினா, ஜெயிலுக்கும் போனா. கடைசியில சர்க்கார் இறங்கி வந்து, சரி, குழாய் போடுறோம்னுச்சு. போட வந்தது யாரு? அவ தம்பியேதான்!

திறப்பு விழா. மேளம் டும்டும்டும். அமைச்சர் வந்தாரு, ரிப்பன் வெட்டினாரு, குழாயைத் திருகினாரு.

புஸ்ஸ்ஸ்ஸ்.

வெறும் காத்து! ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அமைச்சர் கார் டுர்ருனு போயிருச்சு. கல்வெட்டுல அவர் பேரு இன்னிக்கும் பளபளன்னு இருக்கு. அடி வாங்கினவ பேரு எந்தக் கல்லுல இருக்கு? விடு, நீ தூங்க வேணாமா.

அப்போ ஒச்சம்மா நடுத்தெருவுல நின்னு சொன்னா: "ஏலே வீரணா! மேட்டுத்தெருவுக்குத் தண்ணி வர்றவரைக்கும் உன் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். வாசப்படியும் மிதிக்க மாட்டேன்."

"ஐயோ!"

ஐயோதான். அடுத்த வாரம் பாப்பாவுக்குப் பேர் வைக்கணும். அத்தைக்காரி மடியில வச்சு, காதுல பேரைச் சொல்லணும். அதுதான் முறை. செண்பகத்தோட அம்மா சொன்னா, "ஒங்க சித்தப்பா மக இருக்கா, அவள வச்சு முடிச்சிரலாம் மாப்ள." வீரணன் ஒரே பேச்சுதான். "எங்கக்கா வந்து சொல்லட்டும் அத்தை. அதுவரைக்கும் பாப்பா பேரு பாப்பா." அக்கா எப்படியோ தம்பி அப்படி. நடுவுல பேர் இல்லாம ஒரு குழந்தை கிடக்குது.

அப்போ வீரணன் பெரிய மோட்டார் கொண்டாந்து வச்சான். டுபுடுபுடுபு! பள்ளத்தெருவுல குழாய் டமார்னு வெடிச்சு, பஞ்சாயத்துத் தலைவரோட வெள்ளை வேட்டி தொப்பல் தொப்பல். மேட்டுத்தெருவுல புஸ்ஸ்.

"ம். சிரிப்பா வருது."

அப்புறம் வீடு வீடாப் போனான். பள்ளத்தெருக்காரங்க திருட்டுத்தனமாக் குழாயில மோட்டார் மாட்டி தண்ணிய உறிஞ்சிட்டிருந்தாங்க. அந்த மோட்டார் அத்தனையும் கழட்டிப் போட்டான். அவங்க பேசுன பேச்சைக் காது குடுத்துக் கேக்க முடியாது. அப்பவும் மேட்டுத்தெருவுல புஸ்ஸ்.

ஒச்சம்மா பொம்பளைங்களத் திரட்டிட்டா. ஆளுக்கொரு காலிக்குடம். வீரணன் ஆபீஸ் வாசல்ல டங்கு டங்குன்னு குடத்தைத் தட்டி, "எஞ்சினியரே எஞ்சினியரே, தண்ணி எங்கே தண்ணி எங்கே!"

கூட்டத்துல ஒரு குடம் மட்டும் புதுசா மின்னுது. பாத்தா, செண்பகம்! இடுப்புல பாப்பா.

வீரணன் தலையில கைய வச்சுட்டான். "நீயுமா?"

"எம்புள்ளைக்குப் பேரு வேணும்ல?"ன்னு சொல்லிட்டு அவளும் தட்டினா, டங்கு டங்கு. பாப்பா சிரிக்குது.

அன்னிக்குச் சாயங்காலம் பாப்பா பால் குடிச்சிட்டு ஒரே அழுகை. வீல் வீல். வீரணன் தோள்ல போட்டு முதுகுல தட்டினான். தட்டு தட்டு தட்டு...

ஏஏஏவ்வ்!

வயித்துல அடைச்ச காத்து வெளிய வந்துச்சு. அழுகை நின்னு போச்சு.

வீரணன் அப்படியே நின்னான். "செண்பகம்! குழாய்க்கும் இதுதான்! பாறை உச்சியில குழாய் வளையுது பாரு, அங்க காத்து அடைச்சுட்டு உக்காந்திருக்கு. தண்ணிக்கு வழிவிட மாட்டேங்குது. அதுக்கு ஏப்பம் விட ஒரு வாய் வேணும்!" பாப்பாவை அவ கையில குடுத்துட்டு ஓட்டம். தோள்ல பால் கறை அப்படியே.

காத்தை மட்டும் வெளிய விடுற ஒரு மூடி இருக்கு, ஏர் வால்வு. மதுரையில வாங்கியாந்து, பாறை உச்சியில மாட்டினான். ஒச்சம்மா மேட்டுத்தெருக் குழாயடியில குடத்தை வச்சுட்டு நிக்கிறா. கையைக் கட்டிக்கிட்டு, "இதையும் பாப்போம்"ங்கிறா. மோட்டார் போட்டாச்சு.

ஏஏஏஏவ்வ்வ்!

பாறையே ஏப்பம் விட்ட மாதிரி! அப்புறம் களக். களக் களக். சோஓஓ!

தண்ணி! குலவை என்ன, கூச்சல் என்ன! "குடி அக்கா, மொத வாய் நீதான் குடிக்கணும்"னு எல்லாரும் ஒச்சம்மாவைப் பிடிச்சுத் தள்ளுறாங்க. அவ குடிக்கலையே! நிறைஞ்ச குடத்தை இடுப்புல வச்சா, விறுவிறுன்னு தம்பி வீட்டுக்கு நடந்தா. வாசப்படி ஏறினா.

"செண்பகம், தாகமா இருக்கு. ஒரு சொம்பு தண்ணி குடு."

மடக் மடக்னு குடிச்சா. வீரணன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைக்கிறான். அப்புறம் பாப்பாவை மடியில வச்சு, காதுகிட்ட குனிஞ்சு பேரைச் சொன்னா. மெதுவாத்தான் சொல்லணும். கோஷம் போட்ட தொண்டைக்கு மெதுவா எங்க வரும்?

"புனலரசீ!"

வெளிய நின்ன அத்தனை பொம்பளைங்களும் பழக்கதோஷத்துல, "வாழ்க! வாழ்க!"

"அது அம்மா பேரு!"

ஆமா, உங்கம்மாதான். அப்புறம் வீரணன் எத்தனையோ ஊருக்குத் தண்ணி கொண்டு போனான். ரிட்டயர் ஆனான், தாத்தா ஆனான், உனக்கும் முதுகுல தட்டினான். கடைசிவரைக்கும் விடியக்காலம் குழாயைத் திறந்து காது குடுத்துக் கேட்டுட்டுத்தான் காபி.

"அத்தைப்பாட்டி... கொல்லையில ஏவ்வ்னு சத்தம். தாத்தாவா?"

ஆவி கீவின்னு எவனாவது சொன்னா நம்பாத. அது காத்துடி. உன் தாத்தா வழி பண்ணி விட்ட காத்து. அது போனாத் தண்ணி வரும் பாரு. களக், களக்...

"...ம்..."

குடமும் நிறைஞ்சுது, கதையும் நிறைஞ்சுது. கண்ணை மூடு, என் தம்பி பேத்தி.