எட்டு வெள்ளைத் தாள்

“டீச்சர், இந்தக் கம்ப்யூட்டர் என்னை ஏமாத்திருச்சு.”

சுடலைமுத்து பஸ் கண்டக்டராக இருந்தவர். ரிட்டயரான பிறகு, கோவில்பட்டியில் வளர்மதி நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தார். வளர்மதிக்கு இவர் வயதில் பாதிதான். அதனாலென்ன, சொல்லிக்கொடுக்கிறவள் டீச்சர்தானே.

நாளை அவர் மனைவி பேச்சித்தாய்க்குப் பதினாறாம் நாள் காரியம். அவள் படத்தைச் சுவர் அளவுக்குத் தன் கையாலேயே அச்சடிப்பேன் என்று மனுஷர் ஒற்றைக்காலில் நின்றார். இருப்பதோ சின்ன பிரிண்டர். படத்தைப் பதினாறு தாளில் துண்டு துண்டாக எடுத்து, வரிசைக்கு நாலாகச் சேர்க்க வேண்டும்.

தரையில் பரப்பியிருந்தார். முகத்துக்குப் பக்கத்தில் இடுப்பு. முகத்துக்குக் கீழே முழங்கால், அதற்குப் பக்கத்தில் பாதம்.

“இருக்கும்போதும் அவளை ஒழுங்கா வச்சுக்கல. செத்த பிறகும் இப்படிக் கூறு போட்டுட்டேனே, பாவி!”

விம்மினார். வளர்மதி தாள்களை எண்ணினாள்.

“எட்டுதான் இருக்கு. மிச்சம் எங்க அண்ணாச்சி?”

“அதுல ஒண்ணுமே விழல டீச்சர். வெறும் வெள்ளை. குப்பையில போட்டுட்டேன்.”

அவள் குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். கசங்கிய தாள்களை நீவினாள். ஒவ்வொரு வரிசையிலும் படத்தாள் இரண்டு, வெள்ளைத்தாள் இரண்டு என்று வைத்துக்கொண்டே வந்தாள்.

பேச்சித்தாய் முழுசாக எழுந்து நின்றாள். இடது ஓரத்தில், பட்டுச்சேலையில். வலது பக்கம் பூராவும் வெள்ளை.

“ஏன் இவங்க ஓரமா நிக்கிறாங்க?”

சுடலைமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளு. ஸ்டூடியோவுக்கு வாரேன்னு சொல்லிட்டு டபுள் டூட்டி பாக்கப் போயிட்டேன். ‘அண்ணன் பெறகு வந்து ஒரு போட்டோ எடுத்துக்கட்டும், பக்கத்துல சேத்துரலாம். இடம் விட்டிருக்கேன்’னு ஸ்டூடியோக்காரன் சொல்லி அனுப்பியிருக்கான்.”

“போனீங்களா?”

“பதினொரு வருசமா கேட்டா, டீச்சர். நேரமில்ல, நேரமில்லன்னே சொல்லிட்டேன்.”



அவர் அந்த வெள்ளைத்தாள்களைக் கையால் தடவினார்.

“இப்ப என்னைச் சேக்க முடியுமா?”

“முடியும்.”

“ரொம்ப நேரம் பிடிக்குமோ?”

“பத்து நிமிசம், அண்ணாச்சி.”